‘ஒரு லோடு கிராவல் அனுப்புங்க’ என்று சொல்லும் முன்... வாசல் பாதைக்கும் மழைநீர்க் குழிக்கும் ஜல்லி வாங்கும் கணக்கு!

வீட்டுக் கணக்கு

‘அண்ணே, ஒரு லோடு கிராவல் அனுப்புங்க’ என்று போனில் சொல்கிறீர்கள். மறுநாள் காலையில் உங்கள் வீட்டு வாசலில் என்ன வந்து இறங்கும்?

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் செம்மண்தான் வந்து இறங்கும். சின்னச் சின்னக் கற்கள் கலந்த, பள்ளம் நிரப்பப் பயன்படும் சரளை மண்ணுக்குத்தான் நம் ஊர் குவாரிக்காரர்களும் லாரிக்காரர்களும் ‘கிராவல்’ என்று சொல்கிறார்கள். யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, அழகான சாம்பல் நிறக் கற்கள் விரித்த கார் பாதையை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட ‘கிராவல்’ வேறு. அவர் அனுப்புவது வேறு. ஏமாற்றினார் என்று அவரைச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு வேண்டியது கருங்கல் ஜல்லி.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வாசலைச் சரிசெய்ய நினைப்பவர்கள் பலர். வாசலில் தேங்கும் தண்ணீர், சேற்றில் சிக்கும் கார் சக்கரம், அடைத்துப்போன மழைநீர்க் குழி என எல்லாவற்றுக்கும் ஜல்லியில் தீர்வு உண்டு. ஆனால் எந்த அளவு ஜல்லி, எவ்வளவு, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதில்தான் பணம் வீணாகிறது. இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சிமென்ட் போட்டு மூடினால் என்ன?

‘எதுக்கு இந்த வம்பு, மொத்தமா சிமென்ட் தளம் போட்டுடலாமே’ என்று மேஸ்திரி சொல்வார். போடலாம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் இறங்கும். சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ அளவுக்கு மழை பெய்கிறது. அப்படியானால் அந்த ஒரு மாடியில் விழுவது மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். வாசல் முழுவதையும் சிமென்ட்டால் மூடிவிட்டால், இந்தத் தண்ணீரும் வாசலில் விழும் தண்ணீரும் தெருவுக்குப் போகும். தெரு உங்கள் வாசலைவிட உயரமாக இருந்தால் வீட்டுக்குள் வரும். கோடையில் நாமே காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குவோம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகளில் பல இன்று மண் ஏறி, மூடியைத் திறந்து பார்க்கக்கூட ஆளில்லாமல் கிடக்கின்றன. குழி இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் கல் சுத்தமாக இருக்க வேண்டும்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம்

கடையில் போய் மி.மீ கணக்கில் பேசினாலும் புரியும், இஞ்ச் கணக்கில் பேசினாலும் புரியும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது இன்னும் நல்லது.

* ஒன்றரை ஜல்லி: 40 மி.மீ. குழியின் அடிப்பகுதிக்கும், சேறான மண்ணில் அடித்தளத்துக்கும் ஏற்றது.

* முக்கால் ஜல்லி: 20 மி.மீ. கான்கிரீட்டுக்கு அதிகம் போவது இதுதான் என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்கும். மழைநீர் வாய்க்காலுக்கு இதுதான் முதல் தேர்வு.

* அரை ஜல்லி: 12 மி.மீ. வாசல் பாதையின் மேல் அடுக்குக்கு ஏற்றது.

* சிப்ஸ்: 6 மி.மீ முதல் 10 மி.மீ வரை. நடக்கும் பாதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும்.

* கிரஷர் டஸ்ட்: ஜல்லி உடைக்கும்போது கிடைக்கும் தூள். கற்களுக்கு இடையில் புகுந்து இறுக்கிப் பிடிக்கும்.

* வெட் மிக்ஸ்: பெரிய கல், சின்னக் கல், தூள் எல்லாம் கணக்காகக் கலந்து, ஈரத்தோடு வருவது. நெடுஞ்சாலைகளின் அடித்தளத்தில் போடுவது இதைத்தான்.

* கூழாங்கல்: உருண்டையான, வழவழப்பான கல். செடிகளைச் சுற்றிப் போட அழகு. கார் ஏறும் பாதைக்கு ஆகாது. உருண்டைக் கல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாமல் உருண்டு ஓடும். உடைத்த ஜல்லியின் கூர்முனைகள்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ‘பீ கிராவல்’ என்பது சின்ன உருண்டைக் கல். ‘57-ம் நம்பர் கல்’ என்று அமெரிக்காவில் சொல்வது நம் முக்கால் ஜல்லிக்கு நெருக்கமானது. ‘கிரஷர் ரன்’ என்பது தூளோடு கலந்து வரும் ஜல்லி. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வீடியோக்கள் புரிந்துவிடும்.

நம் ஊர்க் கல்லைப் பற்றியும் ஒரு தகவல். சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் கருங்கல் வகைக்குப் புவியியலில் ‘சார்னோகைட்’ என்று பெயர். கொல்கத்தாவோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாறைக்கு நம் ஊர்தான் மூல இடம்.

தூள்: பாதைக்கு நண்பன், குழிக்கு எதிரி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். பாதைக்கான அடித்தளத்தில் தூள் வேண்டும். தண்ணீர் இறங்கும் இடத்தில் தூள் இருக்கவே கூடாது.

பாதையில் நமக்கு வேண்டியது இறுக்கம். பெரிய கற்களுக்கு இடையே சின்னக் கல், அதற்கிடையே தூள் என்று நிரம்பினால்தான் கார் சக்கரத்துக்கு அடியில் கல் நகராது. வாய்க்காலிலும் குழியிலும் நமக்கு வேண்டியதே கற்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடம்தான். அங்கேதான் தண்ணீர் நிற்கும், நகரும். தூள் வந்து அந்த இடத்தை அடைத்துவிட்டால், குழி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 10 லிட்டர் பக்கெட் ஒன்றில் சுத்தமான முக்கால் ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பைத் தொடும்போது ஏறக்குறைய 4 லிட்டர் உள்ளே போயிருக்கும். அதாவது பக்கெட்டில் 10-க்கு 4 பங்கு காலி இடம். தூள் கலந்த ஜல்லியில் இதே சோதனையைச் செய்தால் இதில் பாதிகூடப் போகாமல் போகலாம். ஊற்றிய தண்ணீர் சேறாகக் கலங்கினால் அந்த ஜல்லியைக் குழிக்குப் போட வேண்டாம்.

‘பழைய வீட்டை இடிச்ச கல்லு கிடக்கு, குழிக்குப் போட்டுடலாம்’ என்று சிலர் சொல்வார்கள். பூச்சு, சுண்ணாம்பு, மரத்தூள், பிளாஸ்டிக் எல்லாம் கலந்த இடிபாடு அது. சில மழைக்காலங்களிலேயே அடைத்துவிடும். செங்கல் ஜல்லி போடுவதானால் நன்றாக வெந்த செங்கல்லாக இருக்கட்டும்; வேகாத செங்கல் தண்ணீரில் ஊறி மண்ணாகிவிடும்.

வாசல் பாதை: எத்தனை அடுக்கு?

மண்ணின் மேல் நேரடியாக ஜல்லியைக் கொட்டிப் பரப்பினால் முதல் மழையில் பாதி கல் மண்ணுக்குள் போய்விடும். மேலே சேறு வந்துவிடும். அதனால் வேலை கீழிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், மேலே இருக்கும் புல், வேர், தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டுத் தரையை இறுக்க வேண்டும். அப்போதே சாய்வு கொடுத்துவிட வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போகும்படி 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 இஞ்ச் வரை இறக்கம் இருந்தால் போதும். கீழே சாய்வு கொடுக்காமல் மேலே ஜல்லியில் சாய்வு கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், தண்ணீர் அடியில் தேங்கி நிற்கும்.

கரிசல் மண், களிமண் பகுதி என்றால் தரைக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது. தண்ணீரை விடும், மண்ணை விடாது. ஈரமானால் பொங்கி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண்ணில் இந்தத் துணி இல்லாமல் போட்ட ஜல்லி தங்குவது கஷ்டம்.

அடுத்து அடித்தளம். வெட் மிக்ஸ் அல்லது முக்கால் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலந்தது. இறுக்கிய பிறகு 4 இஞ்ச் உயரம் இருக்க வேண்டும். களிமண் என்றால் 6 இஞ்ச். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இறுக்கக் கூடாது. 3 இஞ்ச் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக்கி, மறுபடி 3 இஞ்ச் போட வேண்டும். இறுக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். சின்ன இடம் என்றால் திமிசுக்கட்டையே போதும், கைதான் வலிக்கும்.

மேலே அரை ஜல்லி. இது 2 இஞ்ச்சுக்கு மேல் போகக் கூடாது. ‘நிறைய போட்டா நல்லாதானே இருக்கும்’ என்று தோன்றும். ஆனால் ஆழமாகக் கிடக்கும் தளர்ந்த ஜல்லியில் சக்கரம் புதையும். கார்கூடச் சமாளித்துவிடும். ஸ்கூட்டர் சமாளிக்காது. பிரேக் பிடித்துத் திருப்பும்போது முன்சக்கரம் வழுக்கினால் விழுவது காலேஜ் போகும் தங்கையோ, காய்கறி வாங்கி வரும் அம்மாவோதான்.

ஓரத்தில் தடுப்பு அவசியம். கருங்கல், ஹாலோ பிளாக், கெர்ப் கல் என எதுவாக இருந்தாலும் சரி. தடுப்பு இல்லாத ஜல்லிப் பாதை ஆறே மாதத்தில் தோட்டத்துக்கும் தெருவுக்கும் பரவிவிடும்.

செங்குத்தாக ஏறும் வாசலுக்கு ஜல்லி வேண்டாம். அங்கே சக்கரம் கல்லைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் சொரசொரப்பான கான்கிரீட் போட்டுவிட்டு, சமதளத்தில் ஜல்லி போடலாம்.

நடப்பவர்களை மறந்துவிட வேண்டாம்

கார் பாதை என்று பேசும்போது காரை மட்டுமே நினைக்கிறோம். வாக்கர் வைத்து நடக்கும் தாத்தாவுக்கும், வீல்சேரில் போகும் பாட்டிக்கும் தளர்ந்த ஜல்லி ஒரு சோதனை. வாக்கரின் கால் புதையும். வீல்சேரின் சின்ன முன்சக்கரம் திரும்பவே திரும்பாது. கேட்டிலிருந்து வாசல்படி வரை 3 அடி அகலத்துக்குக் கடப்பா கல்லோ, பேவர் பிளாக்கோ போட்டுவிடுங்கள். ராத்திரியில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் வர வேண்டியிருந்தாலும் அந்த 3 அடிதான் உதவும். பைக் நிறுத்தும் இடத்திலும் ஒரு கல் பலகை பதித்துவிட்டால், சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயாது.

மழைநீர் வாய்க்காலும் குழியும்

மாடியிலிருந்து பைப் வழியாக இறங்கும் தண்ணீரைச் சுவர் ஓரத்திலேயே விட்டால் அஸ்திவாரத்துக்குக் கெடுதல். அதை ஜல்லி நிரப்பிய ஒரு வாய்க்கால் வழியாகக் குழிக்குக் கொண்டு போவதுதான் வேலை.

வாய்க்கால் 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருக்கலாம். 10 அடிக்கு ஒன்றேகால் இஞ்ச் வீதம் சரிவு இருக்கட்டும். தோண்டிய வாய்க்காலுக்குள் ஜியோ டெக்ஸ்டைல் துணியைத் தொட்டில்போல விரித்து, கொஞ்சம் முக்கால் ஜல்லி போட்டு, அதன் மேல் துளையிட்ட 4 இஞ்ச் பி.வி.சி பைப்பை வைத்து, மறுபடி ஜல்லியால் மூடி, துணியை மேலே மடித்துவிட வேண்டும். எல்லா ஜல்லியும் ஒரே அளவு, தூள் இல்லாதது.

குழி வழக்கமாக 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். அடியில் ஒன்றரை ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, அதன் மேல் நைலான் வலை, வலைக்கு மேல் அரை அடி உயரத்துக்குக் கரடுமுரடான மணல். மணல்தான் வடிகட்டி. குப்பையும் வண்டலும் மணலில் தங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மணலை மட்டும் எடுத்துக் கழுவிப் போட்டால் போதும். கீழே இருக்கும் ஜல்லியைத் தொட வேண்டியதில்லை. வலை வைக்காமல் விட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, மொத்தக் குழியையும் தோண்ட வைக்கும்.

இந்தக் குழியின் மொத்தக் கொள்ளளவு 1,500 லிட்டர். உள்ளே கல் இருப்பதால் ஒரு நேரத்தில் நிற்கக்கூடியது 600 லிட்டர்தான். நம் 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ மழைக்கு 930 லிட்டர் இறங்கும் என்று பார்த்தோம் அல்லவா? மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு குழி சமாளிக்கும். களிமண் பகுதியில் சமாளிக்காது. அங்கே இரண்டு குழியோ, குழிக்குள் போர் போட்டு மணல் அடுக்கு வரை தண்ணீரை இறக்கும் வழியோ வேண்டும். வீட்டில் கிணறு இருந்தால் பாக்கியசாலிகள். மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கே விட்டுவிடலாம்.

குழியைச் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளித் தோண்டுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மூடி கெட்டியாக இருக்கட்டும். குழந்தைகள் ஓடியாடும் வாசல் அது.

வேலையின் வரிசையும் முக்கியம். குழியும் வாய்க்காலும் முதலில், பாதை கடைசியில். பாதை போட்ட பிறகு வாய்க்கால் தோண்டினால், தோண்டிய மண் ஜல்லியில் கலந்துவிடும்.

எவ்வளவு ஆர்டர் செய்வது?

நம் ஊரில் ஜல்லிக்குக் கணக்கு ‘யூனிட்’. 100 கன அடி சேர்ந்தது ஒரு யூனிட். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். உயரத்தை இஞ்ச்சில் எடுத்திருந்தால் 12-ஆல் வகுத்து அடியாக்க வேண்டும்.

30 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம்.

அடித்தளம் 4 இஞ்ச்: 30 × 10 × 4 ÷ 12 = 100 கன அடி. அதாவது 1 யூனிட். ஆனால் இறுக்கும்போது உயரம் குறையும் என்பதால் கால் பங்கு கூடுதலாக, ஒன்றேகால் யூனிட் வேண்டும்.

மேல் அடுக்கு 2 இஞ்ச்: 30 × 10 × 2 ÷ 12 = 50 கன அடி. அரை யூனிட். சிதறலுக்குக் கொஞ்சம் சேர்த்து 55 கன அடி.

வாய்க்கால் 40 அடி: 40 × 1 × 1.5 = 60 கன அடி. பைப் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் 60 என்றே வைத்துக்கொள்ளலாம்.

எடைக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு யூனிட் கருங்கல் ஜல்லி 4 டன்னிலிருந்து நாலரை டன் வரை இருக்கும். ‘குட்டி யானையில கால் யூனிட் ஏத்திட்டு வந்துடறேன்’ என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். கால் யூனிட்டே 1 டன்னுக்கு மேல். அந்த வண்டி ஏற்ற வேண்டிய பாரத்தைவிட அதிகம். ஒன்று ஜல்லி குறைவாக வரும், இல்லையென்றால் வண்டி ஆபத்தாக வரும்.

லாரிக்குள் எத்தனை யூனிட்?

செங்கல்பட்டு பக்கத்தில் என் சித்தப்பா வீட்டில் பாதை போட்டபோது 3 யூனிட் சொல்லியிருந்தார்கள். லாரி வந்தது. கொட்டுவதற்குப் பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்த டிரைவரை நிறுத்தச் சொன்னது சித்திதான்.

“தம்பி, ஒரு நிமிஷம். அளந்துட்டுக் கொட்டலாம்.”

“3 யூனிட்டுதான்கா. டெய்லி அடிக்கிற வண்டி.”

“வண்டியைச் சொல்லலப்பா. உள்ள இருக்கிற ஜல்லியைச் சொல்றேன்.”

சித்தப்பா இரும்பு டேப்போடு ஏறினார். உள்பக்க நீளம் 12 அடி, அகலம் 7 அடி. லாரியின் பாடி உயரம் மூன்றரை அடி. ஆனால் ஜல்லி 3 அடிக்குத்தான் இருந்தது. 12 × 7 × 3. சித்தி போனில் தட்டிக் காட்டினார். 252 கன அடி. இரண்டரை யூனிட்.

“வர்ற வழியில குலுங்கி அமுங்கியிருக்கும்கா” என்றார் டிரைவர்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்றும்போது குவியலாக இருக்கும் ஜல்லி, வழியில் குலுங்கிக் கொஞ்சம் அமுங்கும். ஆனால் மூன்றரை அடியில் அரை அடி அமுங்காது. சித்தி அங்கேயே கடைக்காரருக்கு போன் செய்து, கத்தாமல், மூன்று எண்களை மட்டும் சொன்னார். ‘சரிம்மா, ரெண்டரைக்கே பில் போட்டுடறேன்’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஜல்லி இறங்கியது.

இதில் சண்டை எதுவும் இல்லை. கொட்டிய பிறகு அளந்திருந்தால் இருந்திருக்கும். தரையில் குவிந்து கிடக்கும் ஜல்லியை யாராலும் அளந்து நிரூபிக்க முடியாது. அதனால் ஆர்டர் செய்யும்போதே ‘எங்க வாசல்ல அளந்துதான் இறக்குவோம்’ என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எடைக் கணக்கில் வாங்கினால் எடை மேடைச் சீட்டைக் கேளுங்கள். காலி வண்டி எடை, பாரத்தோடு எடை இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

போனில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எந்த அளவு? ‘ஜல்லி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘20 மி.மீ, முக்கால் ஜல்லி, தூள் இல்லாதது’ என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

2. விலை யூனிட்டுக்கா, டன்னுக்கா, லோடுக்கா? ‘லோடு’ என்பது அளவே இல்லை. வண்டிக்கு வண்டி மாறும்.

3. இறக்கிக் கொடுக்கும் விலையா? ஜல்லி கனமான பொருள். கல்லின் விலையைவிட அது வரும் தூரம்தான் பல நேரங்களில் பில்லை ஏற்றும். பக்கத்து குவாரியிலிருந்து வருவதையே கேளுங்கள். இரண்டு, மூன்று இடங்களில் ஒரே அளவைச் சொல்லி விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

4. ஜி.எஸ்.டி சேர்த்தா? ஜல்லிக்கு 5 சதவிகிதம். பில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் அளவு குறைந்தால் கேட்க முடியும்.

5. குவாரியின் நடைச்சீட்டு இருக்கிறதா? அனுமதி இல்லாமல் வெட்டிய கல்லை நாம் வாங்க வேண்டாம். வழியில் வண்டியைப் பிடித்தால் உங்கள் வேலையும் நின்றுபோகும்.

6. இரண்டு வகை ஜல்லியை ஒரே வண்டியில் நடுவே தடுப்பு வைத்துக் கொண்டுவர முடியுமா? முடிந்தால் ஒரு டிரிப் வாடகை மிச்சம்.

7. எந்த வண்டி, எத்தனை மணிக்கு? உங்கள் தெருவின் அகலத்தையும், கடைசித் திருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய லாரி நுழையாது என்றால் டிராக்டர் டிப்பர் கேளுங்கள்.

வந்து இறங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு கை ஜல்லியை எடுத்துப் பாருங்கள். கையில் மண் ஒட்டினால் சுத்தமில்லை. நிறைய கற்கள் பிஸ்கட்போலத் தட்டையாக இருந்தால் பாரம் ஏறும்போது உடையும். சிவப்பாக, மக்கிப்போன கல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று உதிரும்.

அதைவிட முக்கியம் லாரி எங்கே நிற்கிறது என்பது. 3 யூனிட் ஏற்றிய லாரி மொத்தமாக 20 டன்னை நெருங்கும். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, பழைய வாய்க்கால் மூடி ஆகியவற்றின் மேல் சக்கரம் ஏறினால் அவ்வளவுதான். முதல் நாளே அந்த இடங்களில் கல்லோ, குச்சியோ நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். டிப்பர் பாடி தூக்கும்போது மேலே கரன்ட் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் கட்டாயம். டிரைவர் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார்; மேலே பார்க்க நீங்கள்தான் ஆள். கொட்டி முடியும்வரை குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

தெருவில் கொட்டுவதைத் தவிருங்கள். மாநகராட்சி அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். விளக்கில்லாத தெருவில் ராத்திரி சிதறிக் கிடக்கும் அரை ஜல்லியில் ஏறி விழப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியாது. வேறு வழியே இல்லை என்றால் காலையில் கொட்டி, சாயங்காலத்துக்குள் உள்ளே அள்ளிவிடும்படி ஆள் சொல்லிவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டாரைப் பற்றி இன்னொன்று. நம் வாசலை 6 இஞ்ச் உயர்த்தினால் தண்ணீர் காணாமல் போய்விடாது. அவர்கள் வீட்டுக்குப் போகும். வாசலை உயர்த்துவதற்கு முன்பு, மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். பாதையும் குழியும் எங்கே வர வேண்டும் என்பதை அந்த 10 நிமிடங்கள் சொல்லிவிடும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பாதையில் சக்கரத் தடம் விழுந்த இடத்தில் வாரியால் இழுத்துச் சமன் செய்வது, ஓர் ஆண்டில் கொஞ்சம் அரை ஜல்லி சேர்ப்பது, ஆவணி கடைசியில் குழி மூடியைத் திறந்து மேல் மணலைக் கழுவிப் போடுவது. இவ்வளவுதான். மிச்சமான ஜல்லியை மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அரை மூட்டை ஜல்லிக்காக லாரிக்காரருக்கு போன் போட்டால் அவர் வரமாட்டார்!

வீட்டில் ஜல்லிப் பாதையோ, மழைநீர்க் குழியோ போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். உங்கள் ஊரில் எந்த ஜல்லிக்கு என்ன பெயர் என்பதையும் சேர்த்து எழுதினால் மற்ற வாசகர்களுக்கும் உதவும். அடுத்த வாரம், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் கணக்கோடு சந்திப்போம்.